ஐரோப்பிய ஜூடோ சாம்பியன்ஷிப் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூடோ என்றதும் ஜப்பான்தான் நினைவுக்கு வரும். அதில் தவறே இல்லை. ஆனால் இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற ஜூடோவில் ஒரு பெரிய பங்கு ஐரோப்பாவில் உருவானது. ஒருவர் வெள்ளையும் இன்னொருவர் நீலமும் அணிந்து நிற்பது, எதிராளியின் முதுகுக்கு மேல் கைபோட்டுப் பெல்ட்டைப் பிடிப்பது, தரையில் உருண்டபடியே கையை மடக்கிப் பூட்டுவது எல்லாம் அங்கே வளர்ந்தவை. அதற்கான பட்டறையாக இருந்தது ஐரோப்பிய ஜூடோ சாம்பியன்ஷிப். இந்தப் போட்டியின் வரலாற்றைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தப் போட்டி எப்போது, எங்கே தொடங்கியது?

1951 டிசம்பரில், பாரிஸில். இன்றைய வரிசை அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. அதற்கு முன்பே, 1934இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 'ஐரோப்பிய சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. ஆனால் அப்போது அதற்குப் பின்னால் கண்டம் தழுவிய நிலையான அமைப்பு எதுவும் இல்லை. பிறகு போர் வந்தது, எல்லாம் நின்றுபோனது.

போருக்குப் பிறகு, 1948 ஜூலை 28 அன்று, லண்டனில் ஐரோப்பிய ஜூடோ ஒன்றியம் உருவானது. அதற்கு மறுநாள்தான் லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அந்த ஒலிம்பிக்கில் ஜூடோ கிடையாது. உலகம் முழுவதும் விளையாட்டு அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து உள்ளிட்ட சில நாடுகளின் ஜூடோக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள்.

1951இல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்த அர்ஜென்டினாவும் சேர விரும்பியது. 'ஐரோப்பிய' என்ற பெயரை வைத்துக்கொண்டு அர்ஜென்டினாவை எப்படிச் சேர்ப்பது? அதனால் அந்த அமைப்பே சர்வதேச ஜூடோ கூட்டமைப்பாக மாறியது. முதல் தலைவர் இத்தாலியரான ஆல்டோ டோர்ட்டி. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் மகன் ரிசேய் கானோ அடுத்த ஆண்டுதான் தலைவரானார். அதாவது, உலக ஜூடோ அமைப்பு ஐரோப்பிய அமைப்பின் வயிற்றிலிருந்து பிறந்தது. உலக சாம்பியன்ஷிப்பும் 1956இல்தான் டோக்கியோவில் தொடங்கியது. ஐரோப்பியப் போட்டி அதைவிட ஐந்து ஆண்டு மூத்தது.

ஜப்பானியக் கலை ஐரோப்பாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு முறைகளில் ஆபத்தானவற்றை ஒதுக்கிவிட்டு, முழுப் பலத்தோடு பயிற்சி செய்யக்கூடிய ஒன்றாக ஜூடோவை அமைத்தார். அவரே பலமுறை ஐரோப்பா வந்து விளக்கிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் வேர் பிடிக்க வைத்தவர்கள் வேறு இருவர். ஒருவர் குஞ்சி கொய்சுமி. 1918இல் லண்டனில் புடோக்வாய் என்ற கழகத்தைத் தொடங்கினார். முதலில் ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தவர், 1920இல் கானோ நேரில் வந்து சந்தித்த பிறகு ஜூடோவுக்கு மாறினார். இன்னொருவர் மிக்கினோசுகே கவாய்ஷி. 1935இல் பிரான்ஸ் போனவர். ஜப்பானியப் பெயர்கள் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் நுழையவில்லை என்று கண்டதும், உத்திகளுக்கு எண் போட்டுக் கற்பித்தார். அதோடு வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே பல வண்ண பெல்ட்டுகளைப் படிப்படியாகக் கொடுத்து மாணவர்களைத் தக்கவைத்துக்கொண்டார். பிரான்ஸில் ஜூடோ இவ்வளவு பரவியதற்கு அந்த எளிய ஏற்பாடு ஒரு முக்கியமான காரணம்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானில் நேச நாடுகளின் ஆட்சி இருந்தது. பள்ளிகளில் தற்காப்புக் கலைகளுக்கு 1950 வரை தடை. பிறந்த வீட்டில் ஜூடோ ஒடுங்கிக் கிடந்த அந்தச் சமயத்தில், புகுந்த வீட்டில் அது அமைப்பு, போட்டி, தலைவர் என்று தழைத்தது.

ஆரம்பத்தில் எடைப் பிரிவுகள் இருந்தனவா?

இல்லை. பெல்ட் தரத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். இந்தத் தரம் உள்ளவர்களுக்கு ஒரு போட்டி, அந்தத் தரம் உள்ளவர்களுக்கு ஒரு போட்டி, அப்புறம் எல்லோரும் சேர்ந்து மோதும் திறந்த பிரிவு. 1951இல் பிரான்ஸின் ழான் டி ஹெர்ட் திறந்த பிரிவின் பட்டத்தை வென்றார்.

எடை பார்ப்பது அன்றைய ஜூடோக்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பலாம் என்பதுதானே இந்தக் கலையின் அடிப்படை? அப்படியிருக்கும்போது எடைக்கல் எதற்கு? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் சம அளவில் திறமை இருந்தால், எடை அதிகமாக இருப்பவர் பக்கமே தராசு சாயும். அதை மறுக்க முடியாத வகையில் நிரூபிக்க ஓர் ஆள் வந்தார்.

அந்த ஆள் யார்?

அன்டன் கேசிங்க். நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரத்துக்காரர், 1934இல் பிறந்தவர். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை ஒரே பெயரில் சொல்லச் சொன்னால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

1952இல் முதல் ஐரோப்பியப் பட்டம். 1967இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 21 பட்டங்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் கற்பித்துவந்த ஹாக்கு மிச்சிகாமி என்ற ஜப்பானிய ஆசானிடம் பயின்றார். ஜப்பானுக்கே போய் தென்ரி பல்கலைக்கழகத்திலும் பயிற்சி எடுத்தார். பெரிய உடம்பு மட்டும் இருந்தால் ஜப்பானியர்களை வெல்ல முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1961இல் பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டியில், நடப்பு சாம்பியன் கோஜி சோனேயை வீழ்த்தினார். ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் அவர்தான். எடைப் பிரிவுகள் வேண்டும் என்ற வாதம் அதன் பிறகு வலுத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ அறிமுகமானபோது 68 கிலோ, 80 கிலோ, அதற்கு மேல் என்று மூன்று எடைப் பிரிவுகளும், கூடவே திறந்த பிரிவும் இருந்தன. முதல் மூன்றிலும் தங்கம் ஜப்பானுக்கு. திறந்த பிரிவின் இறுதியில் கேசிங்க், அகியோ காமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். புடோகன் அரங்கம் உறைந்துபோனது. நெதர்லாந்து ரசிகர்கள் சிலர் கொண்டாட மேடையை நோக்கி ஓடிவர, கேசிங்க் எதிராளியை விட்டு எழுவதற்கு முன்பே கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். ஜப்பானியர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூர்வது அந்தக் கையைத்தான்.

21 பட்டங்கள் என்ற சாதனையை இனி யாராவது முறியடிக்க முடியுமா?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். கேசிங்க் காலத்தில் ஒருவர் ஒரே சாம்பியன்ஷிப்பில் தன் பிரிவிலும் திறந்த பிரிவிலும் இறங்கி இரண்டு பட்டங்களை வெல்லலாம். இப்போது ஆண்டுக்கு ஒரு பட்டம்தான் சாத்தியம். 21 ஆண்டுகள் தொடர்ந்து வெல்ல யாரால் முடியும்? இப்படிச் சொல்வதால் அவர் சாதனை சிறியதாகிவிடாது. பதினைந்து ஆண்டுகள் ஒரு கண்டம் முழுவதும் ஒரே மனிதரை வீழ்த்த வழி தேடிக்கொண்டிருந்தது என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம்!

சோவியத் வீரர்கள் வந்ததும் எல்லாம் மாறிப்போனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாசிலி ஓஷ்செப்கோவ் என்ற ரஷ்யர் கோடோகனில் பயின்று 1913இல் கருப்பு பெல்ட் பெற்றவர். நாடு திரும்பி ஜூடோவைக் கற்பித்தார். 1937இல், ஸ்டாலின் காலக் களையெடுப்பில், ஜப்பானிய உளவாளி என்று குற்றம்சாட்டிக் கைது செய்தார்கள். சிறையிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டே சாம்போ என்ற மல்யுத்தம் சோவியத் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ விளையாட்டானது. அவர் கற்பித்த ஜூடோவோடு, அந்த நாட்டின் பல இனங்களின் மரபு மல்யுத்தங்களும் கலந்து உருவான கலை அது. ஜப்பான் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. ஜூடோ பெயரை மாற்றிக்கொண்டு உயிர் பிழைத்தது என்றே சொல்லலாம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்படுகிறது என்றதும் சோவியத் ஒன்றியம் சாம்போ வீரர்களுக்கு ஜூடோ உடை மாட்டிவிட்டது. 1962இல் ஜெர்மனியின் எசன் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு அவர்கள் வந்தார்கள். பாடநூல் ஜூடோ பழகிய மேற்கு ஐரோப்பியர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. இவர்கள் நிமிர்ந்து நிற்கவில்லை, முறைப்படி சட்டைக் கழுத்தையும் கைப்பகுதியையும் பிடிக்கவில்லை. கிடைத்த இடத்தைப் பிடித்தார்கள், கூடவே விழுந்தார்கள், விழுந்த அடுத்த நொடி கையைப் பூட்டினார்கள். சாம்போவில் கழுத்தை நெரிக்க அனுமதி கிடையாது. அதனால் மூட்டுப் பூட்டுகளில் அவர்கள் கை அபாரமாகத் தேறியிருந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1964 ஒலிம்பிக்கில், சோவியத் வீரர்கள் நான்கு வெண்கலம் வென்றார்கள். அந்த நால்வரில் அன்சோர் கிக்னாட்ஸே, பர்னாவோஸ் சிக்விலாட்ஸே இருவரும் ஜார்ஜியர்கள். ஜார்ஜியாவில் சிதாவோபா என்ற மரபு மல்யுத்தம் இருக்கிறது. கையில்லாத குட்டைச் சட்டை அணிந்து, மேளமும் குழலும் ஒலிக்கச் சண்டையிடுவார்கள். எதிராளியின் முதுகுக்கு மேல் கைபோட்டுப் பெல்ட்டைப் பிடித்து அப்படியே தூக்கி எறிவது அங்கிருந்து வந்த பழக்கம்.

மேற்கு ஐரோப்பியர்களும் சும்மா இருக்கவில்லை, கற்றுக்கொண்டார்கள். பிரிட்டனின் நீல் ஆடம்ஸ் ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1981 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் அவர் ஜப்பானின் ஜிரோ காசேயை வென்றது எதனால்? தரையில் போட்ட கைப்பூட்டால்தான். சோவியத் வீரர்களோடு மோதி மோதித் தேறிய ஒரு தலைமுறையின் கை அது.

பெண்களுக்கான போட்டி எப்போது வந்தது?

மிகத் தாமதமாக. ஆண்கள் தொடங்கி 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 1975இல் மியூனிக் நகரில்தான் பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வ ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு முன்னோட்டப் போட்டி நடத்திப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண்கள் வடிவப் பயிற்சி (வகுத்துவைத்த அசைவுகளைச் செய்துகாட்டுவது) மட்டும் செய்தால் போதும், மோத வேண்டியதில்லை என்ற எண்ணம் ஜப்பானில் வலுவாக இருந்தது. அதை உடைத்ததில் ஐரோப்பியப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது, ஐந்து ஆண்டுகளாகத் தங்களுக்குள் மோதிப் பழகிய ஐரோப்பியப் பெண்கள் தயாராக வந்தார்கள். 48 கிலோ பிரிவில் பிரிட்டனின் ஜேன் பிரிட்ஜ் வென்றார். திறந்த பிரிவில் பெல்ஜியத்தின் இங்கிரிட் பெர்க்மன்ஸ் வென்றார். பெர்க்மன்ஸ் அதன் பிறகு பத்தாண்டு காலம் பெண்கள் ஜூடோவின் முகமாகவே இருந்தார்.

1987இல் பாரிஸில்தான் ஆண்களும் பெண்களும் முதன்முறையாக ஒரே அரங்கில், ஒரே சாம்பியன்ஷிப்பாக மோதினார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக வந்தது. 1992 பார்சலோனாவில் முழுப் பதக்கப் போட்டியானது.

ஒருவர் நீலம் அணிவது ஐரோப்பாவின் யோசனையா?

ஆமாம். முன்பு இருவருமே வெள்ளை அணிவார்கள். அடையாளத்துக்கு இடுப்பில் சிவப்பு அல்லது வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கும். நடுவரே குழம்பிப்போவார், தொலைக்காட்சியில் பார்ப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1986இல் கேசிங்க், ஒருவர் நீலம் அணியட்டும் என்றார். ஐரோப்பா அதை ஏற்றுத் தன் போட்டிகளில் பயன்படுத்தத் தொடங்கியது. வெள்ளை என்பது மனத்தூய்மையின் அடையாளம், அதில் கை வைக்கக் கூடாது என்று ஜப்பான் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் 1997இல் சர்வதேசக் கூட்டமைப்பும் நீலத்தை ஏற்றுக்கொண்டது. ஜப்பானின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் யார் எறிந்தார், யார் விழுந்தார் என்று பார்வையாளருக்குத் தெரியாத விளையாட்டை எப்படி வளர்ப்பது?

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு என்ன ஆனது?

ஓர் அணி பல அணிகளானது. முன்பு ஒரு சோவியத் சாம்பியனை மட்டும் சமாளித்தால் போதும். இப்போது ரஷ்யா, ஜார்ஜியா, அஜர்பைஜான், உக்ரைன், ஆர்மீனியா, பெலாரஸ் என்று ஒவ்வொரு நாட்டின் சாம்பியனையும் சமாளிக்க வேண்டும். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகள் ஆசிய சாம்பியன்ஷிப்புக்குப் போய்விட்டன. ஆகவே பழைய சோவியத் ஜூடோ இரண்டு கண்டங்களுக்கும் பங்கு வைக்கப்பட்டது.

இதில் ஜார்ஜியாவைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். ஏறக்குறைய 37 லட்சம் மக்கள்தான். ஆனால் ஆண்கள் பிரிவில் ஜார்ஜியரைச் சந்திக்காமல் யாரும் ஐரோப்பியப் பட்டத்தைத் தொட முடியாது என்ற நிலை இருக்கிறது. 2009இல் தலைநகர் திபிலிசியே போட்டியை நடத்தியது. 2020இல் 81 கிலோவில் ஐரோப்பியப் பட்டம் வென்ற டாட்டோ கிரிகலாஷ்விலி, 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களையும் வென்றார்.

இஸ்ரேல் ஏன் ஐரோப்பாவில் போட்டியிடுகிறது?

அரசியல் காரணங்களால் ஆசிய விளையாட்டு அமைப்புகளில் இஸ்ரேலுக்கு இடமில்லாமல் போனது. அதனால் பல விளையாட்டுகளில் அது ஐரோப்பாவோடு சேர்ந்துகொண்டது. ஜூடோவும் அப்படித்தான். 1992இல் இஸ்ரேலின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை ஜூடோவில் வென்ற யாயெல் அராட், 1993இல் ஏதென்ஸில் ஐரோப்பிய சாம்பியனானார். 2018இல் டெல் அவிவ் போட்டியை நடத்தியபோது, சொந்த ரசிகர்கள் முன்னால் சாகி முகி 81 கிலோவில் தங்கம் வென்றார்.

கொசோவோ போன்ற சின்ன நாடு எப்படி இவ்வளவு சாம்பியன்களை உருவாக்கியது?

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. பேயா என்ற ஊர். டிரிட்டன் குக்கா என்ற பயிற்சியாளர். அவர் இளைஞராக இருந்தபோது யூகோஸ்லாவிய அணியின் நல்ல வீரர். 1992 ஒலிம்பிக் கனவை, நாடு சிதறியதில் பறிகொடுத்தார். போர் முடிந்ததும் தன் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர்களில் ஒருவர் மைலிண்டா கெல்மெண்டி.

கொசோவோவுக்கு ஒலிம்பிக் அங்கீகாரம் இல்லாததால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் அல்பேனியாவின் பெயரில் மோத வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில், பிரான்ஸின் மோன்பெலியேயில் ஐரோப்பிய சாம்பியனானார். சர்வதேச ஒலிம்பிக் குழு கொசோவோவை முழு உறுப்பினராக ஏற்றது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அதாவது நாட்டுக்கு அங்கீகாரம் கிடைப்பதற்கு எட்டு மாதம் முன்பே அவர் பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார்! 2016 ரியோவில் கொசோவோவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தார். 2016, 2017, 2019 ஆண்டுகளிலும் ஐரோப்பியப் பட்டம் அவருக்கே. அதே ஊர்ப் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சியும் நோரா ஜாகோவாவும் 2021இல் டோக்கியோவில் தங்கம் வென்றார்கள்.

மொத்தத்தில் அதிகம் வென்ற நாடு எது?

பிரான்ஸ். ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கமும் ஆழமான அணி அதற்கு மட்டும்தான் தொடர்ந்து இருந்துவருகிறது. 1991 வரை சோவியத் ஒன்றியம் ஆண்கள் பிரிவில் கடும் போட்டி கொடுத்தது.

பிரான்ஸின் டெடி ரினேர் ஏன் ஐந்து முறைதான் ஐரோப்பிய சாம்பியன்?

2007, 2011, 2013, 2014, 2016 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றார். 11 உலகப் பட்டங்கள் வென்றவருக்கு இது குறைவாகத் தெரியும்தான். ஆனால் அவர் பல ஆண்டுகள் இந்தப் போட்டியில் இறங்கவே இல்லை. உடம்பைக் காப்பாற்றி, உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் சேமித்து வைத்தார். 2007இல் பெல்கிரேடில் முதல் பட்டம் வென்றபோது அவருக்கு அப்போதுதான் 18 வயது. அந்த ஆண்டே உலக சாம்பியனும் ஆனார்.

பெண்களில் ருமேனியாவின் அலினா டுமிட்ருவை நிச்சயம் சொல்ல வேண்டும். 48 கிலோவில் எட்டு ஐரோப்பியப் பட்டங்கள், அவற்றில் ஏழு 2004 முதல் 2010 வரை இடைவெளியே இல்லாமல் வந்தவை. முதல் பட்டம் சொந்த நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில். 2008 பெய்ஜிங் அரையிறுதியில் ஜப்பானின் ரியோகோ டானியை வீழ்த்திய இவர்தான் அங்கே தங்கமும் வென்றார். பிரான்ஸின் கிளாரிஸ் அக்பெக்னேனு ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன்.

வயதில் வியக்க வைத்த சாம்பியன்கள் யார்?

உக்ரைனின் டாரியா பிலோடிட் 2017இல் வார்சாவில் வென்றபோது அவருக்கு 16 வயது. அடுத்த ஆண்டு உலக சாம்பியன்களிலேயே மிக இளையவர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. கிரேக்கத்தின் இலியாஸ் இலியாடிஸ் 2004இல் 17 வயதில் ஐரோப்பியப் பட்டம் வென்றார். சில மாதங்களில் ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கமும் அவருக்குக் கிடைத்தது. மறுபக்கம் இஸ்ரேலின் அரிக் ஸேவி, 2012இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில், 35 வயதில் நான்காவது பட்டத்தை வென்றார்.

காலைப் பிடிக்கத் தடை வந்தது ஐரோப்பியர்களைப் பாதித்ததா?

மிகவும் பாதித்தது. 2010இல் நேரடியாகக் காலைப் பிடித்து இழுப்பதற்குத் தடை வந்தது. 2013இல் இடுப்புக்குக் கீழே கைபட்டாலே குற்றம் என்று தடை முழுமையானது. ஜூடோ குனிந்து நின்று மோதும் மல்யுத்தமாக மாறிவருகிறது, நிமிர்ந்து நின்று எறியும் அழகு போய்விட்டது என்பது காரணம்.

அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் தடைசெய்யப்பட்டவற்றில் பலவும் கிழக்கு ஐரோப்பியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிவைத்த ஆயுதங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜார்ஜியர் ஷோட்டா கபாரெலியின் பெயரிலேயே ஓர் எறிமுறை இருக்கிறது. எதிராளியின் தொடைக்கு இடையே கைவிட்டுத் தூக்கி எறிவார். ஜூடோ உலகமே அதை 'கபாரெலி' என்று அழைத்தது. இன்று அதைப் பழைய வடிவில் போட்டால் தண்டனை. முழுத் தடை தேவைக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. நல்ல எறியைத் தடுக்க மட்டும் காலைப் பிடிப்பவரைத் தண்டித்திருந்தாலே போதும், உண்மையான எறிகளை வாழ விட்டிருக்கலாம். ஜார்ஜியர்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். கையைத் தொடையிலிருந்து முதுகுக்கு ஏற்றி, அதே வேகத்தில் எறிகிறார்கள்.

2015இல் போட்டி ஏன் கடைசி நேரத்தில் இடம் மாறியது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஏப்ரலில் நடக்க வேண்டியது. கூண்டுச் சண்டை நடத்தும் யூஎஃப்சி நிறுவனம் பிரிட்டிஷ் ஜூடோ சங்கத்தின் விளம்பரதாரரானது. அது ஜூடோவின் மதிப்புகளுக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஜூடோ ஒன்றியம் கிளாஸ்கோவிடமிருந்து போட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கடைசியில் அது ஜூனில் பாக்குவில், முதல் ஐரோப்பிய விளையாட்டு விழாவின் பகுதியாக நடந்தது. பார்வைத்திறன் குறைந்தவர்களின் ஜூடோவும் அங்கே இடம்பெற்றது. 2019இலும் மின்ஸ்கில் இதேபோல் விளையாட்டு விழாவோடு சேர்த்தே நடத்தினார்கள்.

கொரோனா காலத்தில் நின்றுபோனதா?

நிற்கவில்லை. 2020 மே மாதம் நடக்க வேண்டியது, நவம்பரில் பிராகில் நடந்தது. வழக்கமாக இது ஏப்ரல், மே வாக்கில் வரும். அண்மையில் 2024 ஜாக்ரெப், 2025 பொட்கோரிட்சா இரண்டும் ஏப்ரலில்தான்.

திறந்த பிரிவு இப்போது இல்லையா?

ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இல்லை. ஒலிம்பிக்கில் அது 1984க்குப் பிறகு போய்விட்டது. ஐரோப்பாவில் 2000களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது, அப்புறம் சில ஆண்டுகள் தனிப் போட்டியாக நடந்து மறைந்தது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. 1972 மியூனிக்கில் நெதர்லாந்தின் வில்லம் ரூஸ்கா கனரகப் பிரிவிலும் திறந்த பிரிவிலும் இரண்டு தங்கம் வென்றார், ஒரே ஒலிம்பிக்கில் அப்படி வென்றவர் வேறு யாரும் இல்லை.

இன்றைய போட்டி எப்படி நடக்கிறது?

ஆண்களுக்கு 60, 66, 73, 81, 90, 100 கிலோ, 100க்கு மேல் என ஏழு பிரிவுகள். பெண்களுக்கு 48, 52, 57, 63, 70, 78, 78க்கு மேல் என ஏழு. ஒரு பிரிவு முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் முதல் சுற்று, மாலையில் பதக்கம். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு வெண்கலம். காலிறுதியில் தோற்றவருக்கும் வெண்கலத்துக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

ஆட்டம் நான்கு நிமிடம். எதிராளியை வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் முதுகுபட எறிந்தாலோ, 20 நொடி அமுக்கிப் பிடித்தாலோ, பூட்டிலோ நெரிப்பிலோ பணியவைத்தாலோ இப்போன், ஆட்டம் முடிந்தது. அரைகுறை எறிக்கு வசா-ஆரி, இரண்டு சேர்ந்தால் இப்போன். 2017இல் நீக்கப்பட்ட யூகோ என்ற சிறிய புள்ளி 2025இல் திரும்ப வந்திருக்கிறது. நேரம் முடிந்தும் சமநிலை என்றால், யாராவது புள்ளி எடுக்கும் வரை ஆட்டம் தொடரும்.

சாம்பியனுக்கு உலகத் தரவரிசையில் 700 புள்ளிகள். கிராண்ட் ஸ்லாம் என்ற சர்வதேசச் சுற்றுப் போட்டியில் வென்றாலே 1000 கிடைக்கிறது என்பதால் சில முன்னணி வீரர்கள் இதைத் தவிர்ப்பதுண்டு. எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ஐரோப்பியப் பட்டத்தின் கனம் 700ஐவிட அதிகம்.

முதன்முறையாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கைகளை. புதிதாகப் பார்ப்பவர்கள் கால்களையே பார்ப்பார்கள், எறி அங்கேதான் நடக்கிறது என்று தோன்றும். ஆனால் பாதி ஆட்டம் பிடியிலேயே முடிந்துவிடுகிறது. இருவரும் நெருங்கும் முதல் சில நொடிகளில் யார் கை எங்கே போகிறது என்று பாருங்கள். ஒருவர் சட்டைக் கழுத்தையும் கைப்பகுதியையும் முறைப்படி பிடித்து, நிமிர்ந்து நின்றால், அவர் ஜப்பானிய வழியில் வளர்ந்தவர். மற்றவரின் கை தோளைத் தாண்டி முதுகில் இறங்கிப் பெல்ட்டைத் தேடினால், கண்ணை எடுக்காதீர்கள். அடுத்த சில நொடிகளில் யாராவது ஒருவர் காற்றில் இருப்பார்.